வாத்தியார் விசிலடிக்கக் கூடாதா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



எங்கள் வீட்டில் 'வாத்தியார்' என்றால் ஒரே ஆள்தான். எம்.ஜி.ஆர்.! தறி ரூமில் சுவரோரம் காமாட்சி அம்மன் படம், பக்கத்தில் வாத்தியார் படம். இரண்டுக்கும் ஒரே ஊதுவத்தி. "வாத்தியார் படம் போடுறான், டி.வி.யைப் போடு" என்று தாத்தா சொல்லும்போது எங்கள் ஸ்கூல் கணக்கு வாத்தியார் எப்போது நடிக்கப் போனார் என்று சின்ன வயசில் நான் குழம்பியிருக்கிறேன். அப்பா ரஜினி ஆள். 1995 பொங்கலுக்கு பாட்ஷா வந்தபோது தறியை நிறுத்திவிட்டு மூன்று தடவை போனதாக ஆயா இன்னமும் திட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகள் பலவற்றில் இப்படித்தான். தறி ஆடும், ரேடியோ பாடும். அப்பா நெய்த சேலையைக் கூட்டுறவு சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் எடை பார்ப்பார்கள், ஜரிகை பார்ப்பார்கள், கோர்வை சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று கரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு இழை பிசகினாலும் கூலியில் கை வைப்பார்கள். ஆனால் "நேத்து ராத்திரி எந்த சினிமாவுக்குப் போனே? அங்க எப்படி நடந்துக்கிட்டே?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்ற ஆகஸ்டில் நம் கல்லூரியில் ஒரு ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கேட்கும்படி செய்தது நான்.

பெயர் எழுத மாட்டேன். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாதவர்கள் விசாரிக்க வேண்டாம். எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' எடுத்தவர். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு வந்த எனக்கு முதல் மாதம் முழுக்க அந்தப் பாடம் தலைக்கு மேல் பறந்த விமானம். 'சிம்ப்ளி சப்போர்டட் பீம்' என்று போர்டில் ஒரு கோடு, கீழே இரண்டு முக்கோணம். மேலே வரிசையாக அம்புக்குறி. ஒரு நாள் சார் என்னை எழுப்பி, "உங்க வீட்ல தறி இருக்கில்ல?" என்றார். இருக்கு சார். "நெஞ்ச துணிய எதுல சுத்துவாங்க?" படமரத்துல சார். "படமரம் எத வச்சு நிக்குது?" ரெண்டு பக்கமும் கட்டை சார். "பாவு அத்தன இழையும் சேர்ந்து அத இழுக்குதில்ல? ஒரே இடத்துலயா இழுக்குது?" இல்ல சார், அகலம் பூரா. "அதாண்டா இது!" என்று போர்டைத் தட்டினார். அகலம் முழுக்க ஒரே அளவாகப் பரவிய சுமை. எங்கே அதிகமாக வளையும்? நடுவில். டபிள்யூ எல் ஸ்கொயர் பை எயிட். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து படமரத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடா முறைக்கிறே?" என்றார் அப்பா.

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. கூலி ரிலீஸ். ரஜினி சினிமாவுக்கு வந்து 50 வருஷம் ஆன சமயம் வேறு. காலை ஒன்பது மணிக் காட்சி. நாங்கள் ஆறு பேர் கிளாஸ் கட். படத்துக்கு 'ஏ' சர்டிபிகேட், எனக்கோ அப்போது பதினேழு வயசு. (இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மற்றவரின் ஒழுக்கத்தைப் படம் பிடித்தவன் எந்த ஒழுக்கத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தான் என்று தெரிய வேண்டாமா!)

தலைவர் பெயர் திரையில் வந்தது. எங்களுக்கு நாலு வரிசை முன்னால் ஒருவர் சீட்டின் மேல் ஏறி நின்றார். கழுத்தில் துண்டு. கிழித்த காகிதத்தை அள்ளி அள்ளி வீசுகிறார், விசிலடித்தார், குதித்தார். திரும்பினபோது பார்த்தால்... சார்! எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாகச் சொல்கிறேன். நம்ம சார் நம்ம ஆளு என்கிற சந்தோஷம். கை தானாகப் போனை எடுத்தது. இருபது செகண்டு. இடைவேளையில் வகுப்பு குரூப்பில் போட்டேன். கூடவே ஒரு கிண்டல் வரியும் எழுதினேன். அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் சுதந்திர தினம். கொடியேற்றும்போது சார் ஆசிரியர்கள் வரிசையில் விறைப்பாக நிற்கிறார், மாணவர் வரிசை முழுக்கக் குபுக் குபுக்கென்று சிரிப்பு. அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அதற்குள் வீடியோ மற்ற துறைகளுக்கும் போய், யாரோ ஒருவர் வீட்டுக்கும் போய்விட்டது. அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன். பாடம் சொல்லித்தருகிறவர் பொறுக்கி மாதிரி தியேட்டரில் விசிலடிக்கலாமா, இவரிடம் எங்கள் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று. திங்கட்கிழமை சாரைக் கூப்பிட்டு விளக்கக் கடிதம் கேட்டார்கள். அவர் அன்றைக்கு முறைப்படி சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆகவே நடவடிக்கை ஒன்றும் இல்லை, "இனிமேல் கவனமாக இருங்கள்" என்பதோடு முடிந்தது.

எங்களுக்கு முடியவில்லை. இந்த வருஷமும் அவர் எங்களுக்கு ஒரு பாடம் எடுக்கிறார். வருவார், போர்டில் எழுதுவார், மணி அடித்தால் போவார். படமரம் இல்லை, தேர்ச் சக்கரம் இல்லை, யாரையும் எழுப்பிக் கேள்வி இல்லை. அவர் போர்டு பக்கம் திரும்பினால் பின் பெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு விசில். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

நண்பர்களே, நம் ஊரில் கருட சேவைக்கு விடியற்காலையில் வரதர் வெளியே வரும்போது தெருவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். 2019ல் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தபோது வந்த கூட்டத்தை நாடே பார்த்தது. அந்தக் கூட்டத்தில் வாத்தியார்களும் நின்றார்கள், கையைத் தூக்கிக் கூப்பிட்டார்கள், அழுதார்கள். யாராவது வீடியோ எடுத்துப் புகார் செய்தோமா? சாமியையும் நடிகரையும் ஒன்றாக வைக்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரு மனுஷன் தன்னை மறந்து நிற்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது, அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். அவ்வளவுதான் சொல்கிறேன்.

"வாத்தியார்னா ஒரு மரியாதை வேணாமா?" என்று என் ரூம்மேட்டே கேட்கிறான். மரியாதை வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பாடப் புத்தகத்திலேயே இருக்கிற ஒரு வாத்தியாரைப் பாருங்கள். புதுச்சேரியில் கனகசுப்புரத்தினம் என்று ஒரு தமிழாசிரியர். பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் வேலை. 1909ல் சேர்ந்து 1946ல் ஓய்வு பெற்றவர். அவர் மனதைப் பறிகொடுத்தது பாரதியாரிடம். பாரதியார் அப்போது பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்த்துக்கொண்டிருந்த ஆள். இந்த வாத்தியார் அவரிடம் சும்மா போய்ப் பேசிவிட்டு வரவில்லை, தன் பெயரையே 'பாரதிதாசன்' என்று மாற்றி எழுதினார். தாசன் என்றால் என்ன? இன்றைக்கு நாம் 'வெறியன்' என்று பேனரில் போட்டுக்கொள்கிறோமே, அதற்கு மரியாதையான சொல்! கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் வேறு பெயர்களிலும் எழுதியிருக்கிறார். ஒரு வாத்தியார் தனக்கே 'கிறுக்கன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்! வேலையில் இருந்தபோதே, 1937ல் வந்த பாலாமணி என்ற சினிமாவுக்கும் எழுதினார். அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கையில் போன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

திண்டுக்கல் லியோனியும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். மேடையில் ஏறி சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டித்தான் பட்டிமன்றமே நடத்தினார். அவருடைய கேசட் ஓடாத தறி ரூம் எங்கள் தெருவில் கிடையாது என்பார் அப்பா. 2021ல் அவரைப் பாடநூல் கழகத்துக்கே தலைவராக்கினார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா சிவாஜி படத்தில் 2007ல் நடித்தார், 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆக, பெரிய ஆளாகிவிட்டால் வாத்தியார் சினிமாவில் நடிக்கவே செய்யலாம், சின்ன வாத்தியார் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. இது என்ன நியாயம்?

எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடியவும் இல்லை. பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். 2010ல் அவர் எழுதிய மாதொருபாகன் நாவலுக்காக 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியது. பாடம் சரியாக நடத்தவில்லை என்று வந்த வழக்கு அல்ல அது, கல்லூரிக்கு வெளியே அவர் எழுதியதற்காக வந்தது. 2015 ஜனவரியில் கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். ஊரை விட்டுச் சென்னைக்கு மாற்றல் வாங்கிப் போனார். 2016 ஜூலை 5ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். நாவலோடு துண்டையும் காகிதத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடவில்லை. வகுப்பறைக்கு வெளியே ஒரு வாத்தியார் யாராக இருக்கலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கம் நாவலில் ஆரம்பிப்பதில்லை, இருபது செகண்டு வீடியோவில்தான் ஆரம்பிக்கிறது.

பெண் ஆசிரியர்கள் என்றால் இன்னும் மோசம். கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு உதவிப் பேராசிரியை. தன் இன்ஸ்டாகிராமில் நீச்சலுடைப் படம் வைத்திருந்தார் என்று ஒரு மாணவனின் தகப்பனார் புகார் செய்தார். 2021 அக்டோபரில் அந்த அம்மா வேலையை விட்டார். அவை தன் வீட்டில் எடுத்த படங்கள், வேலையில் சேருவதற்கு முன்னால் போட்டவை, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். அவராகத்தான் போனார் என்று பல்கலைக்கழகம் சொன்னது. எது எப்படியோ, பாடத்தைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய மேடம் ஒருவரின் போன் கவரில் பி.டி.எஸ். பாட்டுக் குழுவின் படம் இருந்ததற்கு எத்தனை நாள் கொரியன் பாஷை பேசிக் கிண்டல் செய்தோம்! மறு வாரம் கவரை மாற்றிவிட்டார். சினிமா பார்ப்பதென்றால் காஞ்சிபுரத்தில் பார்ப்பதே இல்லை, செங்கல்பட்டு போய்விடுவேன், இங்கே ஸ்டூடன்ட்ஸ் இருப்பாங்க என்று அவர் ஒரு தடவை சொன்னார். நம்மைப் பார்த்துப் பயந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி ஊர் தாண்டிப் போகிறார். இதில் நமக்கு என்ன பெருமை?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள். தியேட்டர் பொது இடம்தானே, அங்கே என்ன அந்தரங்கம் என்று வாதாடலாம். நானும் முதலில் அப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். தியேட்டர் பொது இடம்தான். ஆனால் அங்கே லைட்டை அணைத்துவிடுகிறார்கள் அல்லவா?

வாத்தியார் ரசிகராக இருந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆசை வகுப்புக்குள் வந்து இன்டர்னல் மார்க்கில் உட்காரக் கூடாது. அஜித் ஆளுக்கு ஒரு மார்க், விஜய் ஆளுக்கு ஒரு மார்க் என்று போட்டதாகப் பள்ளியில் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொள்வோம். உண்மையோ பொய்யோ, உண்மையானால் அது அநியாயம். கட்அவுட்டுக்கு மாணவனிடம் காசு வசூலிப்பது அதைவிட அநியாயம். அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசியலில் ஈடுபடக் கூடாது, தனி வியாபாரம் கூடாது, பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு என்றெல்லாம் சொல்கின்றன. இந்த அரசியல் விஷயத்தில்தான் நம் ஊரில் சிக்கல். 1972ல் எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்த அன்றைக்கு, அதுவரை ரசிகராக மட்டும் இருந்த அரசு ஆசிரியர் என்ன ஆனார்? 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி ஆரம்பித்தபோதும் அதே கேள்வி வந்தது. நேற்று வரை போஸ்டர், இன்றைக்குக் கொடி. ரஜினி 2017 கடைசியில் வருகிறேன் என்று சொல்லி 2020 டிசம்பரில் வரவில்லை என்றுவிட்டதால் நம் சார் இந்த விஷயத்தில் தப்பித்தார்! கொடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று ஆசிரியரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. துண்டையும் சேர்த்து வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல உரிமை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1994ல் நம்மவர் படத்தில் கமல் காலேஜ் வாத்தியார், 2021ல் மாஸ்டர் படத்தில் விஜய் காலேஜ் வாத்தியார். அந்த மாஸ்டர் குடிக்கிறார், ஆடுகிறார், அடிக்கிறார். அவருக்கு நாம் விசிலடித்தோம். இப்படி ஒரு சார் நமக்குக் கிடைக்கலையே என்று ஏங்கினோம். கிடைத்தார். வீடியோ எடுத்தோம்.

இதில் எனக்கு மட்டுமான நஷ்டம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அட்மிஷனுக்கு வந்த அன்று அப்பா பிரின்சிபால் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. வாத்தியார் என்றால் சாமி என்று வளர்த்துவிட்டார்கள். சாமியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? புரியவில்லை என்று சொன்னால் சாமி குத்தமாகிவிடாதா? அப்பா அம்மா படித்த வீட்டுப் பிள்ளைகள் பாட்டுக்குக் கை தூக்கிக் கேட்கிறார்கள். எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்த என்னிடம் "உங்க வீட்ல தறி இருக்கில்ல?" என்று கேட்டவர் அவர். சாமி இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவரும் என் அப்பா மாதிரி பாட்ஷா பார்த்து வளர்ந்த ஆள் என்று தெரிந்த அன்றைக்கு நான் இன்னும் பக்கத்தில் போயிருக்க வேண்டும். நான் போட்ட வீடியோ அவரை மறுபடி மேடைக்கே ஏற்றி, கதவையும் சாத்திவிட்டது. இப்போது எனக்குப் புரியாத இடம் வந்தால் பக்கத்துப் பையனைக் கேட்டுக்கொள்கிறேன்.

மலர்க் குழுவிடம் இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்னால், அவரிடம் காட்டாமல் அச்சில் வரக் கூடாது என்று தோன்றியது. ஸ்டாஃப் ரூமில் அவர் மட்டும் இருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். "சார், அந்த வீடியோ எடுத்தது நான்தான் சார்" என்றேன். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரியே படித்தார். இரண்டு சந்திப் பிழை திருத்தினார். டபிள்யூ எல் ஸ்கொயர் பை எயிட் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். 'விசிலடித்தார்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் அந்தச் சொல்லை அடித்தார். (மேலே அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.)

"எனக்கு விசில் வராதுடா. ஸ்கூல்ல இருந்து டிரை பண்றேன், வெறும் காத்துதான் வருது. வீடியோவ நீயே பாரு."

போனை எடுத்து, சத்தத்தைக் குறைத்து ஓட்டினேன். அவருடைய இரண்டு கையும் காகிதம் வீசிக்கொண்டிருக்கின்றன. வாயில் விரல் இல்லை. விசில் பக்கத்திலிருந்து கேட்கிறது, போனுக்கு வெகு பக்கத்தில். என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவனின் விசில் அது.

"சார், இத விளக்கக் கடிதத்துல எழுதியிருக்கலாமே சார்."

"எழுதினா, அப்ப பின்னாடி இருந்தது யாரு, வியாழக்கிழமை காலைல அவனுங்களுக்கு அங்க என்ன வேலைன்னு கேப்பாங்கல்ல?" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.